எதிலும் ஒட்டாத டெஃப்லான்

தோசை ஒட்டாமல் எழும்ப வேண்டும் என்பதற்காகக் கல்லைப் பழக்குவது தமிழர் வீடுகளில் ஒரு தனிக் கலையாகவே இருந்து வந்திருக்கிறது. வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, எண்ணெயில் தோய்த்து, சூடேறிய இரும்புக் கல்லின் மேல் தேய்ப்பார்கள். முதல் தோசை எப்படியும் பிய்ந்துதான் வரும். இரண்டாவது தோசையிலிருந்துதான் வீட்டில் பசியாற முடியும். இன்று பல வீடுகளில் அந்தக் கவலை இல்லை. கறுப்புப் பூச்சுப் பூசிய கல்லில் மாவை ஊற்றினால், ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் தோசை தானாகவே நழுவி வருகிறது.

அந்தப் பூச்சு என்ன? அது எங்கிருந்து வந்தது? அதில் ஆபத்து இருக்கிறது என்று அடிக்கடி பேசப்படுகிறதே, அது உண்மையா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே வரலாற்றில் அடங்கியிருக்கிறது. அந்த வரலாறு சமையலறையில் தொடங்கவில்லை என்பதே முதல் வியப்பு.

குளிர்பதனப் பெட்டியைத் தேடிப் போனவர்

1920களில் அமெரிக்க வீடுகளுக்குள் குளிர்பதனப் பெட்டிகள் நுழையத் தொடங்கின. ஆனால், அவற்றுக்குள் ஓடிய வாயுக்கள் பொல்லாதவை. அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மீத்தைல் குளோரைடு ஆகியவையே அப்போது பயன்பட்டன. குழாயில் ஒரு கசிவு ஏற்பட்டால் வீட்டில் உறங்குபவர்களின் உயிருக்கே ஆபத்து. எனவே நச்சில்லாத, தீப்பிடிக்காத குளிர்பதன வாயுவை உருவாக்கும் முயற்சி மும்முரமாக நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் டூபாண்ட் இரசாயன நிறுவனமும் 1930ஆம் ஆண்டில் கைகோத்து கைனட்டிக் கெமிக்கல்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. ஃபிரியான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த வாயுக்கள் அங்கிருந்துதான் வந்தன.

இந்தப் பணியில் 1936இல் வந்து சேர்ந்தார் ராய் பிளங்கெட். ஒஹையோ மாநிலத்தில் 1910ஆம் ஆண்டு பிறந்தவர். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கையோடு, நியூ ஜெர்சி மாநிலத்தின் டீப்வாட்டர் நகரில் இருந்த டூபாண்டின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு அமர்ந்தார். புதிய குளிர்பதன வாயு ஒன்றைத் தயாரிப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதற்கு மூலப்பொருளாக டெட்ராஃபுளோரோஎத்திலின் என்ற வாயு தேவைப்பட்டது. அவரும் உதவியாளர் ஜாக் ரீபோக்கும் சுமார் 45 கிலோ வாயுவைத் தயாரித்து, சிறிய உருளைகளில் அடைத்து, உலர் பனிக்கட்டியில் குளிர வைத்திருந்தார்கள்.

வாயு எங்கே போனது?

1938ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் காலை. ஓர் உருளையை எடுத்து வால்வைத் திறந்தார்கள். வாயு வரவில்லை. வால்வு அடைத்திருக்குமோ என்று கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார்கள். அப்போதும் வரவில்லை. வேறு ஒருவராக இருந்தால் "கசிந்து போயிருக்கும்" என்று சொல்லி உருளையை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்திருப்பார். பிளங்கெட் உருளையை நிறுத்துப் பார்த்தார். எடை குறையவில்லை! வாயு வெளியேறவில்லை என்றால் அது உள்ளேதான் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்க வேண்டும்.

வால்வைக் கழற்றி உருளையைக் கவிழ்த்தபோது கொஞ்சம் வெள்ளைத் தூள் கொட்டியது. பிறகு உருளையை இரம்பத்தால் அறுத்துத் திறந்தார்கள். உட்சுவர் முழுவதும் வெண்மையான, மெழுகு போன்ற வழுவழுப்பான பொருள் படிந்திருந்தது. வாயுவின் சிறு மூலக்கூறுகள் அழுத்தத்தில் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாக மாறிவிட்டிருந்தன. இப்படிச் சிறு மூலக்கூறுகள் இணைந்து உருவாகும் நெடுஞ்சங்கிலியைத்தான் பாலிமர் என்கிறார்கள்.

பிளங்கெட் அந்தத் தூளைச் சோதித்துப் பார்த்தார். கடுமையான அமிலங்களில் கரையவில்லை. எந்தக் கரைப்பானுக்கும் மசியவில்லை. வெப்பத்துக்கும் எளிதில் அசையவில்லை. தொட்டால் வழுக்கியது. 1939ஆம் ஆண்டு ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்யப்பட்டது. 1941ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. அந்தப் பொருளின் பெயர் பாலிடெட்ராஃபுளோரோஎத்திலின், சுருக்கமாகப் பி.டி.எஃப்.இ. வாயில் நுழையாத அந்தப் பெயருக்குப் பதிலாக நிறுவனம் பின்னர் வைத்த வணிகப் பெயர்தான் டெஃப்லான்.

ஏன் எதுவும் ஒட்டுவதில்லை?

இந்தப் பொருளின் குணங்களுக்கெல்லாம் காரணம் அதன் அமைப்புதான். நடுவில் கரிம அணுக்கள் ஒரு சங்கிலியாக நீண்டிருக்கின்றன. அந்தச் சங்கிலியைச் சுற்றிலும் ஃபுளோரின் அணுக்கள் இடைவெளி இல்லாமல் போர்வைபோல் மூடியிருக்கின்றன. கரிமத்துக்கும் ஃபுளோரினுக்கும் இடையிலான பிணைப்பு, கரிம இரசாயனத்தில் அறியப்பட்ட மிக வலுவான பிணைப்புகளுள் ஒன்று. வெளியிலிருந்து வரும் எந்த இரசாயனமும் அந்தப் போர்வையைத் தாண்டி உள்ளே உள்ள கரிமத்தைத் தொடுவது அரிது. ஃபுளோரினும் தன்னிடம் உள்ள எலெக்ட்ரான்களை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் அயல்பொருளோடு உறவு கொள்வதில்லை. அதனால்தான் நீரும் ஒட்டுவதில்லை, எண்ணெயும் ஒட்டுவதில்லை. கண்ணாடிச் சுவரில் தலைகீழாக ஓடும் பல்லியின் பாதங்கள்கூட உலர்ந்த டெஃப்லான் பரப்பில் பிடிமானம் இல்லாமல் வழுக்கும்.

இதன் உருகுநிலை 327 பாகை செல்சியஸ். தொடர்ந்து 260 பாகை வரை வெப்பத்தைத் தாங்கும். மறுபக்கம், சுழியத்துக்குக் கீழே 200 பாகைக் குளிரிலும் நொறுங்காது. உராய்வோ மிகக் குறைவு. பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்குவதோடு இதை ஒப்பிடுவார்கள். மின்சாரத்தைக் கடத்தாது. நீரைப்போல் இரு மடங்குக்குச் சற்று அதிகமான அடர்த்தி கொண்டது. உருகிய சோடியம் போன்ற உலோகங்களும், உயர்ந்த வெப்பத்தில் ஃபுளோரின் வாயுவும்தான் இதைத் தாக்கக் கூடியவை.

குறையும் உண்டு. மற்றப் பிளாஸ்டிக்குகளைப் போல உருக்கி அச்சில் ஊற்ற முடியாது. உருகுநிலையைத் தாண்டிய பிறகும் இது நீராக ஓடுவதில்லை. கெட்டியான கூழாகவே நிற்கும். எனவே தூளை அழுத்தி, பிறகு சூளையில் வாட்டி, மட்பாண்டம் செய்வதுபோல்தான் வடிவம் கொடுக்கிறார்கள். தொடர்ந்து பாரம் ஏற்றினால் மெல்ல மெல்ல நசுங்கி விரியும். தேய்மானமும் அதிகம். இந்தக் குறையைப் போக்கக் கண்ணாடி இழை, கரித்தூள், வெண்கலத் தூள் ஆகியவற்றைக் கலப்பது வழக்கம்.

போர்க்கால இரகசியம்

இவ்வளவு குணங்கள் இருந்தும் தொடக்கத்தில் இதை வாங்க ஆள் இல்லை. தயாரிப்புச் செலவு மிக அதிகம். மூலப்பொருளான வாயு வெடிக்கும் தன்மை கொண்டது. சாதாரணக் காலமாக இருந்திருந்தால் இந்த வெள்ளைத் தூள் ஆய்வுக்கூட அலமாரியிலேயே தூங்கியிருக்கக்கூடும். இரண்டாம் உலகப் போர் அதை எழுப்பியது.

அணுகுண்டு தயாரிக்கும் அமெரிக்காவின் மன்ஹாட்டன் திட்டத்துக்கு யுரேனியத்தைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் கே-25 என்ற மாபெரும் ஆலை எழுப்பப்பட்டது. அங்கே குழாய்களில் ஓடியது யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு என்ற வாயு. உலோகங்களையும் அடைப்புப் பொருள்களையும் அரித்துத் தின்னும் வாயு அது. அதைத் தாக்குப்பிடிக்கும் கேஸ்கட்டுகளும் அடைப்பான்களும் செய்ய ஏற்ற பொருளாக டெஃப்லான் தேர்ந்தெடுக்கப்பட்டது. பீரங்கிக் குண்டுகளின் முனையில் பொருத்தும் அண்மையுணர் வெடிதூண்டிகளின் மூடிகளுக்கும் இது பயன்பட்டது. இராணுவத்தின் கையில் இருந்ததால் போர் முடியும் வரை வெளியுலகம் இதைப் பற்றி அறியவில்லை. 1946ஆம் ஆண்டில்தான் டெஃப்லான் பொதுவிற்பனைக்கு வந்தது.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் பார்க்கர்ஸ்பர்க் நகருக்கு அருகே, ஒஹையோ ஆற்றங்கரையில் டூபாண்ட் கட்டிய வாஷிங்டன் வொர்க்ஸ் ஆலையில் 1950ஆம் ஆண்டில் பெரிய அளவிலான உற்பத்தி தொடங்கியது. அந்த ஆற்றங்கரைக்குப் பின்னர் மீண்டும் வர வேண்டியிருக்கிறது. 1951ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரம் பிளங்கெட்டுக்கு ஜான் ஸ்காட் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. விருந்துக்கு வந்தவர்களுக்கு டெஃப்லான் பூசிய மஃபின் தட்டு ஒன்று அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது. சமையலறையின் கதவு தட்டப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

தூண்டிலிலிருந்து வாணலிக்கு

எதிலும் ஒட்டாத பொருளை உலோகத்தில் மட்டும் ஒட்ட வைப்பது எப்படி? இந்தப் புதிருக்கு விடை கண்டவர் மார்க் கிரெகுவார் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். அலுமினியத்தை அமிலத்தால் அரித்துக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை உண்டாக்கினார். அந்தக் குழிகளுக்குள் டெஃப்லானை நிரப்பிச் சூடேற்றினார். மரத்தில் ஆணி பிடிப்பதுபோல் பூச்சு குழிகளில் பற்றிக்கொண்டது. அதாவது, அது பசையால் ஒட்டவில்லை, பிடிமானத்தால் நிற்கிறது.

மீன்பிடிக் கருவிகளுக்காக அவர் இந்த வேலையில் இறங்கினார் என்றும், 1954ஆம் ஆண்டில் அவருடைய மனைவி கொலெத், "இதை என் சமையல் சட்டிக்குப் பூசக் கூடாதா?" என்ற கருத்தில் கேட்டதே திருப்பமாக அமைந்தது என்றும் சொல்லப்படுகிறது. 1956ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் டெஃபால். டெஃப்லானின் முதற்பாதியும் அலுமினியத்தின் முதலெழுத்துகளும் சேர்ந்த பெயர் அது. 1960ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் மேசிஸ் கடையில் ஒட்டாத வாணலிகள் விற்பனைக்கு வந்தன. அதன் பிறகு உலகச் சமையலறைகளை அவை எட்டிப் பிடித்தது யாவரும் அறிந்ததே.

கண்ணில் படாத பயன்கள்

வாணலி என்பது இந்தப் பொருளின் பயன்களில் ஒரு சிறு பகுதிதான். குழாய் பழுது பார்ப்பவர் மரையில் சுற்றும் மெல்லிய வெள்ளை நாடா டெஃப்லான்தான். இரசாயன ஆலைகளில் அமிலம் ஓடும் குழாய்களின் உட்பூச்சு, மின்னணுச் சில்லுகளைக் கழுவும் தூய அமிலங்களுக்கான கலன்கள், விமானங்களின் மின்கம்பி உறை என்று பட்டியல் நீளும். பாலங்கள் வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கும். அப்போது அவை தூண்களின் மேல் தடையின்றி நகர்வதற்கு இடையில் டெஃப்லான் தகடு வைக்கிறார்கள். 1986ஆம் ஆண்டு நூற்றாண்டு கண்ட அமெரிக்கச் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பித்தபோது, செம்புத் தோலும் உள்ளே உள்ள எஃகுச் சட்டமும் உரசி அரிக்காமல் இருக்க இதே பொருளை இடையில் வைத்தார்கள்.

ஹஜ் யாத்திரை சென்றவர்கள் ஜெத்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தைப் பார்த்திருப்பார்கள். 1981இல் திறக்கப்பட்ட அந்த முனையத்தின் வெண்கூடாரங்கள் டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணியால் ஆனவை. பாலைவன வெயிலுக்கு அவை அஞ்சுவதில்லை. தூசியும் எளிதில் தங்குவதில்லை.

டூபாண்டில் பணியாற்றிய பில் கோர் 1958ஆம் ஆண்டில் வேலையை விட்டுவிட்டு, மனைவியுடன் தம் வீட்டின் கீழ்த்தளத்திலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய மகன் பாப் கோர் 1969ஆம் ஆண்டில் சூடேற்றிய டெஃப்லான் கம்பியை மெதுவாக இழுத்துப் பார்த்து அலுத்துப் போனார். கடைசியில் வெடுக்கென்று இழுத்தார். அறுந்து போக வேண்டிய கம்பி பல மடங்கு நீண்டது! நுண்துளைகள் நிறைந்த ஒரு புதிய பொருள் பிறந்தது. மழைத்துளி உள்ளே புகாது. வியர்வை ஆவி வெளியேறும். கோர்டெக்ஸ் மழையங்கிகள் இப்படித்தான் வந்தன. இதே பொருளால் செய்த செயற்கை இரத்தக் குழாய்கள் இன்று அறுவை மருத்துவத்தில் உயிர் காக்கின்றன.

ஒரு மருத்துவர் கற்ற பாடம்

உடலோடு ஒட்டாது, எதனோடும் வினைபுரியாது என்றால் உடலுக்குள் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாமே? இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி அப்படித்தான் எண்ணினார். 1950களின் இறுதியில், தேய்ந்துபோன இடுப்பு மூட்டுக்குப் பதிலாக டெஃப்லான் கிண்ணம் பொருத்தத் தொடங்கினார். சுமார் 300 நோயாளிகள். வலியால் முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால், சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த தூள், சுற்றியுள்ள திசுக்களைப் புண்ணாக்கியது. மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

சார்ன்லி தம் பிழையை மறைக்கவில்லை. அந்தத் தூளைத் தம் சொந்தத் தொடையிலேயே செலுத்தி என்ன ஆகிறது என்று சோதித்தார். புதிதாகக் கிடைத்த பாலிஎத்திலின் தூளையும் அவ்வாறே சோதித்தார். டெஃப்லான் இருந்த இடம் வீங்கிப் புடைத்தது. மற்றது அமைதியாக இருந்தது. முடிவை 1963ஆம் ஆண்டில் மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். 1962இன் இறுதியிலேயே பாலிஎத்திலினுக்கு மாறிவிட்டார். இன்று உலகெங்கும் நடைபெறும் இடுப்பு மாற்று அறுவைக்கு அதுவே அடித்தளம். ஒரு பொருள் தீங்கற்றது என்பது அது எந்த வடிவில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதை அவர் தம் உடலிலேயே எழுதிக் காட்டினார்.

ஆற்றில் கலந்த இரசாயனம்

அப்படிப்பட்ட நேர்மை எல்லா இடத்திலும் இருக்கவில்லை. இங்குதான் ஒஹையோ ஆற்றங்கரைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

டெஃப்லான் தயாரிக்கும்போது நீரில் துகள்கள் சீராகப் பரவி நிற்பதற்குச் சவர்க்காரம் போன்ற ஓர் இரசாயனத்தைச் சேர்த்தார்கள். அதன் பெயர் பி.எஃப்.ஓ.ஏ. எட்டுக் கரிம அணுக்கள் கொண்டதால் ஆலையில் அதை சி-8 என்று அழைத்தார்கள். 1951 முதல் அது வாஷிங்டன் வொர்க்ஸ் ஆலையில் பயன்பட்டது. அது டெஃப்லான் அன்று. டெஃப்லானைச் செய்ய உதவும் பொருள். ஆனால், அதுவும் ஃபுளோரின் போர்வை போர்த்தியது. எனவே அதுவும் சிதைவதில்லை. டெஃப்லான் கரையாத திடப்பொருள். சி-8 நீரில் கரைந்து குடிநீரோடு உடலுக்குள் போய், இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கக் கூடியது. வேறுபாடு அதுதான்.

ஆலைக் கழிவு ஆற்றிலும் குப்பை மேட்டிலும் காற்றிலும் கலந்தது. 1984ஆம் ஆண்டிலேயே சுற்றுவட்டாரக் குடிநீரில் சி-8 இருப்பதை நிறுவனம் தன் சோதனையில் கண்டறிந்திருந்தது. ஊர் மக்களுக்கு அது தெரிவிக்கப்படவில்லை. 1998ஆம் ஆண்டில், குப்பை மேட்டை ஒட்டிய ஓடையில் நீர் குடித்த தம் மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுவதைக் கண்ட ஒரு விவசாயி, ராப் பிலாட் என்ற வழக்கறிஞரை நாடினார். அதுவரை இரசாயன நிறுவனங்களுக்காகவே வாதாடி வந்தவர் பிலாட். 1999இல் வழக்குத் தொடுத்தார். நிறுவனத்திடமிருந்து பெற்ற ஆயிரக்கணக்கான பக்க ஆவணங்களைத் தரையில் பரப்பிப் படித்தபோதுதான் சி-8இன் கதை வெளிச்சத்துக்கு வந்தது.

மாடுகளுக்காகத் தொடங்கிய வழக்கு, ஊர் மக்களின் வழக்காக வளர்ந்து 2004இல் உடன்பாட்டுக்கு வந்தது. சுமார் 69,000 பேர் இரத்தம் கொடுத்துச் சோதனையில் பங்கேற்றனர். தனிநிலை அறிவியலாளர் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்து 2012ஆம் ஆண்டில் தன் பணியை முடித்தது. சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் புண் அழற்சி, அதிகக் கொழுப்பு, கருவுற்ற பெண்களுக்கு வரும் உயர் இரத்த அழுத்தம் ஆகிய ஆறுக்கும் சி-8க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அது அறிவித்தது. 2017ஆம் ஆண்டில் சுமார் 3,550 வழக்குகளுக்காக டூபாண்டும் அதிலிருந்து பிரிந்த கெமூர்ஸ் நிறுவனமும் ஏறத்தாழ 67 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன.

எட்டுப் பெரிய நிறுவனங்கள் 2015ஆம் ஆண்டுக்குள் சி-8ஐக் கைவிடுவதாக 2006இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பிடம் உறுதியளித்தன. 2019ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2023இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அதை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. சி-8க்குப் பதிலாக வந்த ஜென்எக்ஸ் என்ற இரசாயனமும் 2017ஆம் ஆண்டில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரக் குடிநீரில் கண்டுபிடிக்கப்பட்டபோது, ஒரு தவறு வேறு பெயரில் தொடர்கிறதோ என்ற கேள்வி எழுந்தது. மின்னசோட்டா மாநிலம் 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் இந்தக் குடும்ப இரசாயனங்கள் சேர்த்த சமையல் பாத்திரங்களின் விற்பனையையே தடை செய்தது. பிரான்ஸோ, அதே 2025இல் இயற்றிய சட்டத்தில் பாத்திரங்களுக்கு விலக்கு அளித்தது. வல்லுநர்களும் அரசுகளும் இன்னும் ஒரே கருத்துக்கு வரவில்லை.

வாணலியைத் தூக்கி எறிய வேண்டுமா?

இல்லத்தரசிகளின் கேள்வி இதுதான். பதற்றப்படத் தேவையில்லை, அலட்சியமும் கூடாது. பூச்சு உரிந்து ஒரு துணுக்கு உணவோடு வயிற்றுக்குள் போனால், அது செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். பூச்சைச் சூளையில் வாட்டும்போதே சி-8 பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடுவதால், பழைய வாணலிகளில்கூட அது மிகச் சொற்பமே.

உண்மையான ஆபத்து வெறும் வாணலியை அதிகச் சூட்டில் மறந்து விடுவதில்தான் இருக்கிறது. நீர் கொதிப்பது 100 பாகையில்; வடை பொரிவது 180 பாகையை ஒட்டி. வாணலியில் உணவோ எண்ணெயோ இருக்கும் வரை பூச்சுக்குக் கேடில்லை. எதுவும் இல்லாமல் பெருந்தீயில் வைத்தால் சில நிமிடங்களில் 260 பாகையைத் தாண்டிவிடும். 350 பாகைக்கு மேல் பூச்சு சிதைந்து நச்சுப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவர்களுக்குச் சளிக்காய்ச்சல் போன்ற காய்ச்சல் வருவதுண்டு. கூண்டில் வளர்க்கும் கிளிகளும் குருவிகளும் அந்தப் புகையில் இறந்தே போகும். ஆகவே மிதமான தீ, மரக் கரண்டி, திறந்த சன்னல் ஆகிய மூன்றும் போதும். பூச்சு உரிந்து பயன் கெட்ட பாத்திரத்தை மாற்றிவிடுவது நல்லது. பாட்டி பழக்கிய இரும்புக் கல்லுக்குத் திரும்ப விரும்புவோரையும் யாரும் குறை சொல்ல முடியாது.

ராய் பிளங்கெட் 1975ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்றார். 1985ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. 1994ஆம் ஆண்டு மே மாதம் காலமானார். வாயு வராத உருளையை ஒதுக்கி வைக்காமல் நிறுத்துப் பார்த்ததே அவர் செய்த பெரிய காரியம். எதிர்பார்த்தது நடக்காதபோது "ஏன்?" என்று கேட்டார், விடை கிடைத்தது. அதே கேள்வியை ஒஹையோ ஆற்றங்கரையில் 1984ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாகக் கேட்டிருந்தால், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த நீரை மேலும் இருபது ஆண்டுகள் குடித்திருக்க வேண்டியதில்லை.